கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

விபத்து நடந்து பதினேழு நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞன் போன் செய்தான். குரலில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டதுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

"மேடம், உங்க ஃபைல் இப்ப என்கிட்ட இருக்கு. வேன் ஓட்டினவர் தரப்புல இருந்தும் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்துட்டீங்கன்னு சொல்றாங்க."

"நானா? எனக்குப் பச்சைங்க. அவர்தான் நிக்காம வந்து என் கதவுல இடிச்சார்."

"நான் நம்புறேன் மேடம். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார். போலீஸ் ரிப்போர்ட்ல ரெண்டு வண்டியும் நின்ன இடம் மட்டும்தான் இருக்கு. நீங்க போட்டோ எதுவும் எடுத்தீங்களா?"

"போன் சீட்டுக்கு அடியில போயிடுச்சு."

"பார்த்தவங்க யாராவது?"

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இருக்காங்க. ஒரு அம்மா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அவங்க எல்லாத்தையும் பார்த்திருப்பாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பேரு?"

"கேக்கலை."

"சரி, ஆள் எப்படி இருப்பாங்க? வயசு, உயரம்?"

"முகத்தைப் பார்க்கலைங்க. கண்ணாடித் தூள் கண்ணுல விழுந்துடும்னு இறுக்கி மூடியிருந்தேன். கழுத்தையும் திருப்ப முடியலை. கை மட்டும்தான் தெரியும்."

"கை," என்று அவன் திருப்பிச் சொன்னான். எழுதுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. "எப்படியாவது கண்டுபிடிங்க மேடம். ஒருத்தர் போதும். அப்புறம் இன்னொரு விஷயம். உங்க வலது கை மரத்துப் போச்சுன்னு சிகிச்சைக்குக் கேட்டிருக்கீங்க. வேன் தரப்பு டாக்டர், இது நீங்க பார்க்கிற வேலையால வந்ததா இருக்கலாம், விபத்துக்கு முன்னாடியே இருந்திருக்கலாம்னு எழுதியிருக்கார். அதுக்கும் ஏதாவது ஆதாரம் தேடி வைங்க."

அவள் பார்க்கிற வேலை பல் கட்டுவது. ஒரு பல் லேபில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து எடுப்பார்கள். அந்தத் தாடையின்மேல் மெழுகால் ஈறு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஈறின் விளிம்பைச் சின்னக் கத்தியால் உயிருள்ளது போலச் செதுக்குவது அவள் பங்கு. லேபில் எல்லோரும் அவளை மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த நகரத்தில் எத்தனையோ பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் கையால் ஆனது. அதைச் சொல்லிப் பெருமைப்படலாம். கேட்க ஆள் வேண்டுமே.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தம்பி ஒருவன் வெகு தொலைவில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். மற்றபடி மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, ஒரு சின்ன நீல நிறக் கார். அந்தக் கார் இப்போது ஏதோ ஒரு பணிமனையின் பின்பக்கத்தில் கதவு நசுங்கி நிற்கிறது.

விபத்துக்குப் பிறகு இரண்டு வாரம் கழுத்துப் பட்டையோடு வீட்டில் கிடந்தாள். வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாருடைய விரல்களோ போல ஆகிவிட்டிருந்தன. மூன்றாம் வாரம் லேபுக்குப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். அது விரலிடுக்கில் நிற்கவில்லை. விளக்கில் கத்தியைக் காய்ச்சும்போது, தன் விரல்தான் தீயில் இருக்கிறது என்பது வாடை வந்த பிறகே தெரிந்தது. முதலாளி வந்து பார்த்தார். வாயைத் திறந்தால் ஏதாவது கொட்டிவிடும் என்பதுபோல வாழ்கிற மனிதர். விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம்விட அவளுக்கு அந்த இளைஞன் கேட்ட கேள்விதான் மனதில் தங்கியது. அந்த அம்மாவைத் தேட வேண்டும் என்று அவளுக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? வீட்டில் படுத்துக் கிடந்த இரண்டு வாரமும் அவள் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இடித்த சத்தம், கார் சுழன்றது, கண்ணாடி கொட்டியது, பிறகு எல்லாம் அமைதியானது. அந்த அமைதிக்குள் ஒரு கை இருந்தது. அது கொஞ்சம் குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் சொரசொரப்பாக இருந்தன. வேலை செய்து காய்த்த கை. அது எதுவும் பேசவில்லை. ஒருமுறைகூட அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. அம்மாவுக்குப் பிறகு அவள் கை இன்னொரு கையோடு அவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததே இல்லை.

தம்பியிடம்கூட அதைத்தான் முதலில் சொல்லியிருந்தாள். "யாரோ ஒரு அம்மாடா. என்னை விட்டுட்டுப் போகவே இல்லை." அவன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். "நல்லவங்க இருக்கத்தான் செய்றாங்கக்கா. நான் இங்க உக்காந்துக்கிட்டு என்ன செய்ய முடிஞ்சிருக்கும், சொல்லு," என்றான்.

மறுநாள் லேபிலிருந்து சீக்கிரம் கிளம்பிப் பஸ் பிடித்து அந்த சிக்னலுக்குப் போனாள். விபத்து நடந்தது மாலை ஐந்தே முக்காலுக்கு. அந்த அம்மா தினமும் அந்த நேரத்தில் அந்த வழியாகப் போகிறவராக இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சாலையில் எந்த அடையாளமும் மிச்சமில்லை. வண்டிகள் நின்றன, போயின. கடைகள் ஒரே வரிசையில் இருந்தன. முதலில் மருந்துக் கடைக்குள் நுழைந்து கேட்டாள்.

"கேமரா இருக்கு. ஆனா அது எங்க வாசலை மட்டும்தான் பார்க்கும்," என்றார் கல்லாவில் இருந்தவர். "அதுவும் பத்து நாள்தான் நிக்கும். அப்புறம் தானா அழிஞ்சுடும். போன வாரமே வந்திருக்கணும் நீங்க."

சாவி செய்கிறவர் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். "சத்தம் கேட்டுச்சு. நான் தலையைத் தூக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இது ஓடிட்டிருந்தா பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது."

முடி திருத்துகிறவர் மட்டும் நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் நேரில் பார்த்தவர்போல விவரித்தார். ஓர் அம்மா ஓடி வந்தாராம், மடியில் சாய்த்துக்கொண்டாராம், தண்ணீர் கொடுத்தாராம். எல்லாம் முடிந்து கடைசியில், "பாவம், அந்தப் பையனோட ஹெல்மெட் ரெண்டாப் பிளந்துடுச்சு," என்றார்.

"ஹெல்மெட்டா? நான் கார்ல வந்தேங்க."

"காரா?" அவர் சீப்பைக் கீழே வைத்தார். "அப்ப அது வேற ஆக்சிடெண்ட்."

அன்று வீட்டுக்குப் போய் ஒரு நோட்டீஸ் எழுதினாள். இடது கையால் எழுதவேண்டியிருந்ததால் எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல வந்தன. மூன்று முறை கிழித்துப்போட்டு நான்காம் முறை எழுதியதைப் பிரதி எடுத்தாள்.

'பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்தே முக்கால் மணிக்கு இந்த சிக்னலில் ஒரு வெள்ளை வேன் ஒரு சின்ன நீல நிறக் காரை இடித்தது. காருக்குள் இருந்த என் கையை, ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மா, நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஓர் உதவியும் கேட்க வேண்டும். தயவுசெய்து கூப்பிடுங்கள்.' கீழே அவளுடைய போன் நம்பர்.

மருந்துக் கடைக்காரர் ஒன்றை வாங்கிக்கொண்டார். சாவிக் கடைக்காரர், "ஓரமா ஒட்டுங்க," என்றார். கடைசியில் இருந்த சலவைக் கடையில், துணிகள் பாலிதீன் உறைக்குள் தொங்கும் கம்பிகளுக்கு நடுவே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நோட்டீஸை வாங்கி நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். தானே டேப் எடுத்துக் கண்ணாடிக் கதவில் கண் உயரத்துக்கு ஒட்டினார். அவ்வளவு நல்ல இடம் தருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாளும் அதே நேரத்துக்கு வந்து சாலை கடக்கும் இடத்தில் நின்றாள். சாலையைக் கடக்கிற பெண்களின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள். பை தூக்கிய கைகள், போனைத் தேய்க்கிற கைகள், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற கைகள். ஒரு பெண் தன் மோதிரத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தன்னைத் திருடி என்று நினைத்துவிட்டாள் என்பது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் கம்பம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம், லேபில் இருக்கும்போது போன் வந்தது.

"நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே?" பெண் குரல்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஆமாங்க. நீங்க...?"

"சலவைக் கடையில இருந்து பேசறேன். நேர்ல வர முடியுமா? போன்ல வேண்டாம்."

அவள் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து கிளம்பினாள். போகிற வழியெல்லாம் அந்தக் கடைக்காரம்மாவின் கையை நினைத்துப் பார்த்தாள். நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. சொரசொரப்பாகத்தானே இருக்கும். நோட்டீஸ் கொடுத்த அன்றே எப்படி இது தோன்றாமல் போனது?

அவள் உள்ளே நுழைந்ததும் கடைக்காரம்மா 'மூடியுள்ளது' என்ற பலகையைத் திருப்பி வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீங்கதானா?" என்றாள் அவள். உட்காரவில்லை. இடது கையை நீட்டினாள். "எனக்கு அப்பவே தோணியிருக்கணும். நீங்கதானே அது?"

கடைக்காரம்மா அந்தக் கையைத் தொடவில்லை. தன் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"நான் இல்லைம்மா. முதல்ல உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.

"நான் பார்த்தேன். இதோ, இந்த மேசைகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு சிவப்பு விழுந்து ரெண்டு கார் நின்னுடுச்சு. வேன் அந்த ரெண்டையும் ஒதுக்கிட்டு வந்துச்சு. தப்பு முழுக்க அவன் மேலதான். எங்க வேணாலும் வந்து சொல்றேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினதும் நான்தான். போன்ல அந்த நேரம் எல்லாம் அப்படியே இருக்கு."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அவள். மனசு வேறு இடத்தில் இருந்தது. "அப்ப நீங்க அந்த அம்மாவைப் பார்த்திருப்பீங்களே. என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தவங்க. அவங்க எந்தப் பக்கம் போனாங்க?"

கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

"யாரும் வரலைம்மா."

"இல்லீங்க, வந்தாங்க. நான்..."

"உங்க கார் சுத்தி, உங்க கதவு எங்க நடைபாதைப் பக்கமா நின்னுச்சு. இதோ, அந்த மஞ்சள் கோடு தெரியுதில்ல, அங்க. நான் கண்ணை எடுக்கவே இல்லை. நடந்து போனவங்க நின்னாங்க, பார்த்தாங்க, போனாங்க. வேன்காரன் முதுகைத் திருப்பிக்கிட்டு யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தான். பதினோரு நிமிஷம் கழிச்சு ஆம்புலன்ஸ் வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு ஆள்கூட உங்க பக்கத்துல வரலை."

வெளியே ஒருவர் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பலகையைப் படித்து, திரும்பிப் போனார்.

"நீங்க வலது கையை நெஞ்சோட வச்சு, இடது கையால பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. பிசைஞ்சு விட்டுக்கிட்டே இருந்தீங்க. குழந்தையைச் சமாதானம் பண்ற மாதிரி." அவர் செய்து காட்டினார். "நான் வந்திருக்கணும். பத்தடி தூரம். போன் பண்ணிட்டேனே, அவங்க வந்துடுவாங்கன்னு நின்னுட்டேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியலை. பெட்டி சூடா இருந்துச்சு, அணைச்சுட்டு வந்திருக்கலாம். அணைக்கலை."

கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸின் பின்பக்கத்தை அவள் பார்த்தாள்.

"நோட்டீஸைக் குடுத்தீங்களே, அதுல நன்றின்னு எழுதியிருந்ததைப் படிச்சதும் எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. நாலு நாளா அதை என் கதவுலயே வச்சுக்கிட்டு, யாராவது வந்து 'நான்தான் அது'ன்னு சொல்லிட மாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். யாரும் வரலை. நானே 'ஆமா'ன்னு சொல்லிடலாமான்னுகூட நினைச்சேன். மனசு வரலை."

அவளுடைய இடது கை மடியில் கிடந்த வலது கையைத் தொட்டது. விரல் நுனிகளைத் தடவியது. இருபத்தாறு வருட மெழுகிலும் தீயிலும் காய்த்த நுனிகள். கொஞ்சம் குளிர்ந்திருந்தன. பிடித்ததை அந்தக் கை உணரவில்லை, பதிலுக்கு அழுத்தவும் இல்லை. அதனால்தான் அது வேறொருவருடையதாக இருந்தது.

கடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடித்தாள். குடித்துவிட்டு, "இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே தன் குரல் காப்பீட்டு நிறுவன இளைஞனின் குரல்போல மரியாதையாக இருப்பது தெரிந்தது.

"எல்லாத்தையும் எழுதித் தர்றேன்," என்றார் அவர்.

அவள் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி நடந்தாள். வீட்டில் சமைக்கத் தோன்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. அழுவதற்கும் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது போயிருக்க வேண்டும். இங்கே யாரும் வரவே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். கழுத்தைப் பற்றிக் கேட்டான், மருந்தைப் பற்றிக் கேட்டான். பின்னணியில் அவன் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அந்த அம்மாவைத் தேடிக்கிட்டிருந்தியே, கிடைச்சாங்களாக்கா?"

"கிடைச்சாங்கடா."

"அப்பாடா! என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அவங்க ரொம்பப் பேச மாட்டாங்க போல." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா இருக்காங்க," என்றாள்.

"என் சார்பா ஒரு நன்றி சொல்லிடு."

"சொல்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தூக்கம் கெட வேண்டாம். அங்கிருந்து அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இனி மிச்சம் இருந்தது கை பழையதா புதியதா என்ற கேள்வி. அதற்கு வழி சொன்னவர் முதலாளி. திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்து நின்று, வழக்கத்துக்கு மாறாகப் பேசினார்.

"பன்னிரண்டாம் தேதி காலையில நீ ஒரு மேல்தாடைப் பல் செட் கட்டினியே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் கோணல் தாடை."

"அந்த ஆள் அப்புறம் டாக்டர்கிட்ட வரவே இல்லையாம். மேல வேலை செய்ய வேண்டாம்னுட்டாங்க. அது அப்படியே இருக்கு."

சாதாரணமாக மெழுகு மிஞ்சாது. பல் செட்டாக வார்க்கும்போது அது உருகிப் போய்விடும். அவள் செதுக்கியது எதுவும் அவள் செதுக்கியபடி உலகத்தில் இருப்பதில்லை. இது மட்டும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு டப்பாவில் இருந்தது. மாவுத் தாடையின் அடியில் வேலை எண்ணும் தேதியும் அவள் கையெழுத்திலேயே கீறியிருந்தன. ஈறின் விளிம்பு ஒவ்வொரு பல்லையும் சுற்றி முடிபோல மெல்லியதாக இறங்கியிருந்தது. ஈறில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகளைக்கூட வைத்திருந்தாள். அன்று காலை அவசரமில்லாமல், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, அதைச் செய்தது ஞாபகம் வந்தது.

முதலாளி பக்கத்தில் இன்னொரு டப்பாவை வைத்தார். போன வாரம் அவள் கட்ட முயன்று பாதியில் கைவிட்டது. அதைப் பார்க்க முடியவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் நாள் செய்ததுபோல இருந்தது.

"ரெண்டையும் குடு," என்றார். "பார்க்கிறவனுக்குக் கண் இருந்தா போதும்."

காப்பீட்டு இளைஞன் சலவைக் கடைக்கே வந்தான். போனில் பேசியதைவிட இன்னும் சின்னவனாக இருந்தான்; தோளில் பை, நெற்றியில் வியர்வை. இரண்டு டப்பாக்களையும் திறந்து பார்த்தபோது அவன் வாய் தானாகவே மூடி, நாக்கு தன் பல்லைத் தடவிக்கொண்டது தெரிந்தது. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டான். பிறகு கடைக்காரம்மா எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தான்.

"அருமையா எழுதியிருக்கீங்கம்மா. சிக்னல், வேன், நேரம் எல்லாம் தெளிவா இருக்கு. போன் பதிவும் இருக்கறதால பிரச்சனையே இல்லை." பக்கத்தின் அடியில் ஒரு விரலை வைத்தான். "இந்த ரெண்டு வரி மட்டும் வேண்டாம். 'யாரும் அவர் அருகில் போகவில்லை. நானும் போகவில்லை.' இது க்ளெய்முக்குத் தேவையில்லை. உங்களுக்கும் சங்கடம்."

"இருக்கட்டும் தம்பி," என்றார் கடைக்காரம்மா. "நடந்ததைத்தானே எழுதச் சொன்னீங்க."

அவன் அவளைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மேடம். எடுத்துடலாமா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "அது வேணும்."

"எதுக்கு?"

"யாரோ ஒருத்தர் என் கையைப் பிடிச்சிருந்தாங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னேன் இல்லையா? யாரும் வரலைன்னா, அது என் கைதான். என் கையே எனக்கு வேற ஆளோட கைன்னு தோணியிருக்குன்னா, அப்பவே மரத்துப் போச்சுன்னு அர்த்தம். இடிச்ச அந்த நிமிஷத்துல இருந்து. அவங்க டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க."

இளைஞன் அந்த வரிகளை மறுபடி படித்தான். தலையைச் சொறிந்தான். பிறகு பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, "சரிங்க," என்றான். குரலில் அந்தக் கூடுதல் மரியாதை இல்லை. காகிதத்தைப் பையில் வைக்கும்போது கொஞ்சம் தயங்கி, "தனியாத்தான் இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டான். அது ஃபாரத்தில் இருக்கும் கேள்விதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா," என்றாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தவறு வேன் ஓட்டியவர்மீது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். கை மரத்துப்போனது விபத்தால் ஏற்பட்டது என்றும், சிகிச்சை முழுவதையும் ஏற்பதாகவும் இருந்தது. அவள் அதை லேபில் வைத்து இரண்டு முறை படித்தாள். முதலாளியிடம் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாலிஷ் மெஷினைப் போட்டார். அதற்குமேல் எதுவும் கேட்க முடியவில்லை.

சலவைக் கடைக்காரம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். "நல்லதும்மா, நல்லது," என்றார் அவர். இருவரும் இன்னும் ஏதோ சொல்லக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வாடிக்கையாளர் யாரோ கூப்பிட்டார். "அப்ப வச்சிடறேங்க," என்றாள் அவள்.

நரம்பு திரும்பி வர ஒரு வருடம் ஆகலாம், முழுவதும் வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறாள். ஒரு கிண்ணத்தில் பருப்பும் மணலும் பொத்தானும் கலந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொல்கிறார்கள். இதுவரை பொத்தானை மட்டும் சரியாகச் சொல்கிறாள், அதுவும் சில நாள்.

மெழுகு மேசையில் இப்போது வேறு ஒருவர் உட்காருகிறார். முதலாளி அவளை முன்னறைக்கு மாற்றினார். அங்கே செதுக்குகிற வேலை இல்லை, நிறம் பார்க்கிற வேலை. முன்பல் ஒன்று மட்டும் கட்டிக்கொள்கிறவர்களுக்கு, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். அதற்காக டாக்டர்கள் ஆட்களை நேராக லேபுக்கே அனுப்புவார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பதினாறு வகை வெள்ளைகள் ஒரு பட்டையில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக வாயருகே பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு இடது கை போதும்.

இருபத்தாறு வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கான தாடைகளைப் பார்த்திருக்கிறாள். அவற்றோடு முகம் வந்ததில்லை. இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அரையடி தூரத்தில் வாயைத் திறக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு பேச முடியாது. ஆனாலும் பேசப் பார்க்கிறார்கள்.

கடிதம் வந்ததற்கு மறுவாரம் ஒரு பெரியவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலிக்குமாம்மா?"

"நான் ஒண்ணுமே பண்ணப் போறதில்லைங்க. நிறம் மட்டும்தான் பார்க்கப் போறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பட்டையை அவர் கையில் கொடுத்து, "முதல்ல நீங்களே பாருங்க. உங்க பல்லு இதுல எது மாதிரின்னு நினைக்கிறீங்க?" என்றாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இருப்பதிலேயே வெள்ளையானதைக் காட்டினார்.

"அவ்வளவு வெள்ளை இல்லைங்க," என்றாள். "கொஞ்சம் கீழ வாங்க."